பிங் போகுதே சார்!

"பிங் போகுதே சார்!" இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாத டெக்னீஷியன் காரைக்குடியில் எங்காவது இருந்தால் சொல்லுங்கள், மாலை போட்டு அழைத்து வருகிறேன். சர்வரில் இருக்கிற கல்யாண வீடியோவைத் திறந்தால், திருப்பூட்டுக்குக் கையை உயர்த்திய மாப்பிள்ளை உயர்த்தியபடியே நிற்கிறார். பின்னால் நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பியபடி நிற்கிறார். அட்சதை அந்தரத்தில் நிற்கிறது. வந்த தம்பி கறுப்புத் திரையைத் திறக்கிறார். நாலு வரி ஓடுகிறது. நாலுக்கு நாலும் திரும்பி வந்துவிட்டது, இழப்பு சைபர் சதவீதம். "நெட்வொர்க் பக்காவா இருக்கு சார், உங்க சிஸ்டத்துலதான் ஏதோ கோளாறு" என்று சொல்லிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மாப்பிள்ளை இன்னும் கையை இறக்கவில்லை.

நாலே நாலு பிங். விண்டோஸ் தானாக அனுப்புவது அவ்வளவுதான், ஒவ்வொன்றிலும் 32 பைட். மேலுறை, முகவரி எல்லாம் சேர்த்தாலும் கம்பியில் போவது 78 பைட். வீடியோ ஓடும்போது போகிற பாக்கெட்டோ ஒவ்வொன்றும் 1,518 பைட், அதாவது ஏறக்குறைய 20 மடங்கு நீளம். கம்பியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிட் கெட்டுக்கொண்டிருந்தால் குட்டி பாக்கெட் பெரும்பாலும் தப்பித்துவிடும், நீளமானதுதான் மாட்டிக்கொள்ளும். ஆயிரம் குட்டி பாக்கெட்டுக்கு ஒன்று தொலைகிற லைனில், பெரிய பாக்கெட் ஆயிரத்துக்கு 20 வரை தொலையும். அதைப் போய் நாலு குட்டியை விட்டுப் பிடிக்கப் பார்த்தால்? பிங்கோடு 1472 என்று அளவைச் சேர்த்துக் கொடுத்து (தலைப்புக்கு 28 பைட் போக, மொத்தம் 1500 நிறைந்துவிடும்) பத்து நிமிஷம் ஓடவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அந்தப் பத்து நிமிஷம்தான் இந்த ஊரில் ஒருவருக்கும் இல்லை. டீ குடிக்க இருக்கிறது.

நான் எடிட்டர். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுவது என் தொழில். ஆனால் எங்கள் ஸ்டூடியோவில் யாருக்குக் கம்ப்யூட்டர் பற்றி நாலு வார்த்தை கூடுதலாகத் தெரியுமோ, அவர் தலையில்தான் நெட்வொர்க்கும் விடியும். அப்படி விடிந்தது.

ஸ்டூடியோ இருப்பது ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் ஒரு பகுதியில். முகப்பில் வரவேற்பும் ஆல்பம் பார்க்கிற இடமும். வளவைத் தாண்டி இரண்டாம் கட்டில் எடிட்டிங். அதற்கும் பின்னால், ஒரு காலத்தில் நெல் கொட்டி வைத்திருந்த அறையில் சர்வர். அந்த அறைதான் வீட்டிலேயே குளுமை, பூட்டும் பலம். இந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாசல் ஒரு தெருவில் இருக்கும், கொல்லைக் கதவு அடுத்த தெருவில் திறக்கும். சுவரோ முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, தொட்டால் பளிங்கு மாதிரி வழுக்கும். வைஃபை அந்தச் சுவரில் முட்டிக்கொண்டு அங்கேயே படுத்துவிடுகிறது. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-லேயே செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்துவிட்டன. பெருமைதான். ஆனால் ஒரு கேபிள் இழுக்க வேண்டுமென்றால் அந்தப் பெருமை முழுவதும் வீட்டுக்கார ஆச்சியின் வடிவில் வந்து நடுவாசலில் நின்றுவிடும்.

"தம்பி, சுவத்துல ஒரு ஆணி அடிக்கப்படாது. ஐயா காலத்துச் சாந்து. பேந்து விழுந்துச்சுன்னா பூசுறதுக்கு இன்னைக்கி யாரு இருக்காக?"

நியாயமான கேள்வி. தரையைக் கீறலாமா என்றால் கீழே ஆத்தங்குடிக் கல். ஆகவே கேபிள் உத்தரத்தின் மேலே ஏறி, கதவு நிலைக்கு மேல் இருக்கிற பரணில் புகுந்து, வளவின் தாழ்வாரத்தில் மழைச்சாரல் படப் போய், கரண்டு வயரோடு ஒட்டி உறவாடியபடியே நெல் அறைக்குள் இறங்கும். இந்தப் பாதையை வகுத்தவர் கேமரா மாட்ட வந்த எலக்ட்ரீஷியன். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்குக் கேபிள் என்றால் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனால் சரி.

இனி கோளாறு ஆரம்பித்த கதை. ஆரம்பித்தது என்று சொல்வதுகூடத் தப்பு, அது என்றைக்குமே ஒழுங்காக இருந்ததில்லை. சர்வரில் ஜிகாபிட், ஸ்விட்ச்சில் ஜிகாபிட், ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஜிகாபிட். பெட்டிக்குப் பெட்டி தங்க எழுத்தில் அச்சடித்திருக்கிறது. ஜிகாபிட் என்றால் விநாடிக்கு 100 கோடி பிட், 8-ஆல் வகுத்தால் 125 எம்பி. உறைகளுக்கும் இடைவெளிகளுக்கும் போனது போக 115-ஐ ஒட்டி வரவேண்டும். எங்களுக்கு வந்தது சில நாள் 11, சில நாள் 40, சில நாள் ஓடி ஓடி நிற்கும். மனிதனை ஆத்திரப்படுத்துவது குறைந்த வேகம் அல்ல, நின்று நின்று வருகிற வேகம். 11 நிலையாக வந்தால் காபி குடித்துவிட்டு வரலாம். இது அப்படியும் விடாது.

முதலில் இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்த கம்பெனியின் பையன் வந்தார். செல்போனை எடுத்தார், வேகம் பார்க்கிற ஆப்பைத் தட்டினார், முள் சுற்றிப் பறந்தது, "பாருங்க சார், பிளான்ல சொன்னது அப்படியே வருது" என்று காட்டினார். தம்பி, நான் இன்டர்நெட்டைப் பற்றிச் சொல்லவே இல்லையே! என் சர்வர் பின்கட்டில் இருக்கிறது, என் சிஸ்டம் நடுக்கட்டில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு கம்பி. அதற்கும் உங்கள் டவருக்கும் என்ன சம்பந்தம்? சொன்னேன். "அப்ப அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல சார்" என்றார். அதுவும் சரிதான், அவரை அழைத்தது எங்கள் முதலாளி அண்ணன். அண்ணனுக்கு மெதுவாக இருப்பது எல்லாமே நெட்.

அடுத்து சர்வர் விற்றவர். அவர் பார்வையில் குற்றவாளி ஸ்விட்ச். ஸ்விட்ச் விற்றவர் பார்வையில் குற்றவாளி சிஸ்டத்தில் இருக்கிற லேன் கார்டு. சிஸ்டம் அசெம்பிள் செய்தவரோ வைரஸ் என்றார். வைரஸ் என்று சொல்லிவிட்டால் யாரும் மேலே கேள்வி கேட்க முடியாது, அது ஒரு வசதி. ஒவ்வொருவரும் வந்து எதையாவது மாற்றினார்கள். ஸ்விட்ச் மாறியது. லேன் கார்டு மாறியது. விண்டோஸ் மறுபடி ஏற்றப்பட்டது, அதில் என் எழுத்துருக்கள் எல்லாம் போயின. பேட்ச் கார்டு நீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறியது. எல்லாருடைய பொதுக் கஷாயம் ரீஸ்டார்ட். அளந்து பார்க்க மட்டும் ஒருவர் கையும் எழவில்லை. எனக்கு வயிற்றெரிச்சல் அங்கேதான். காய்ச்சல் என்று போனால் எந்த டாக்டரும் முதலில் தெர்மாமீட்டரைத்தான் எடுக்கிறார். இந்தத் தொழிலில் முதலில் பில் புத்தகத்தை எடுக்கிறார்கள்.

அளப்பதற்குக் கருவி விலையா என்றால், காசே இல்லை. ஐபெர்ஃப் என்று ஒரு சின்ன நிரல், இலவசம். சர்வரில் ஒன்று, சிஸ்டத்தில் ஒன்று ஓடவிட்டால் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல், கோப்பைத் தொடாமல், கம்பி மட்டும் எவ்வளவு தாங்குகிறது என்று சொல்லிவிடும். நல்ல ஜிகாபிட் லைனில் 940 மெகாபிட் காட்டும். சர்வரையும் ஒரு சிஸ்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கம்பெனி முனை போட்ட குட்டை கேபிளால் இணைத்தால் 940. அதே இரண்டையும் வீட்டுக் கேபிள் வழியாக இணைத்தால் 90, இல்லாவிட்டால் 200, இல்லாவிட்டால் கிறுக்குத்தனமாக ஏறி இறங்கும் ஒரு எண். சர்வரும் சரி, கார்டும் சரி, வைரஸும் இல்லை. இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் எத்தனை பேருக்குப் பெட்ரோல் மிச்சம்!

90 வருவதற்கு ஒரு காரணம் உண்டு, அது கொஞ்சம் சுவாரசியமானது. செப்புக் கம்பியில் ஜிகாபிட் ஓட்டுவதற்கான விதிமுறை 1999-ல் வந்தது. கேபிளுக்குள் எட்டு இழை, இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடி. பழைய 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், ஆரஞ்சும் பச்சையும். ஜிகாபிட்டுக்கு நீலமும் பழுப்பும் சேர்ந்து நாலும் வேண்டும், ஒவ்வொரு ஜோடியும் 250 மெகாபிட் சுமக்கும், அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும். ஆக நீலத்திலோ பழுப்பிலோ ஒரு இழை விட்டுப்போனாலும், பல கார்டுகள் "சரி, கிடைத்ததை வைத்து ஓட்டுவோம்" என்று 100-க்கு இறங்கிவிடும். யாருக்கும் சொல்லாது. ஸ்விட்ச்சில் ஒரு விளக்கின் நிறம் மட்டும் மாறும். எங்கள் ஊரில் கரண்டு போய் வருவது உங்களுக்குத் தெரியும். போய் வரும் ஒவ்வொரு தடவையும் இரண்டு முனைகளும் புதிதாகப் பேசி வேகத்தை முடிவு செய்யும். காலையில் 1000 என்று கைகுலுக்கியவை மத்தியானம் 100 என்று கைகுலுக்கும். "நேத்து நல்லா இருந்துச்சே" என்று எல்லாரும் சொன்னதில் பொய்யே இல்லை.

100-க்கு இறங்கினால்கூட நிம்மதி, காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. விளக்கு 1000 என்று காட்டிக்கொண்டே பாக்கெட்டைத் தின்பதுதான் பெரும் பாடு. ஒவ்வொரு பாக்கெட்டின் வாலிலும் நாலு பைட் சரிபார்ப்பு எண் இருக்கும். ஒரு பிட் கெட்டாலும் கணக்கு இடிக்கும். இடித்தால் ஸ்விட்ச் அந்தப் பாக்கெட்டை முழுசாக வீசிவிடும், அனுப்பியவருக்குத் தகவல் கிடையாது. அனுப்பிய பக்கம் காத்திருந்து, பதில் வராததைப் பார்த்துத் தானாகப் புரிந்துகொள்ள வேண்டும். என்னவென்று புரிந்துகொள்கிறது? கூட்டம் நெரிகிறது போலிருக்கிறது, நாம் மெதுவாகப் போவோம் என்று.

அப்படிப் புரிந்துகொள்ளச் சொல்லிக் கொடுத்ததற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இருந்த இணைப்பு படுத்துக்கொண்டது. தூரம் 400 கெஜம்தான். விநாடிக்கு 32,000 பிட் போன இடத்தில் 40 பிட். வான் ஜேக்கப்சன் என்பவர் மைக் கேரல்ஸோடு உட்கார்ந்து, ஏன் இவ்வளவு மோசமாகிறது என்று ஆராய்ந்தார். கவனியுங்கள், ஆராய்ந்தார், ரீஸ்டார்ட் செய்யவில்லை. தொலைந்த பாக்கெட்டை எல்லாரும் முண்டியடித்து மறுபடி மறுபடி அனுப்பியதுதான் காரணம் என்று கண்டார். 1988-ல் வெளிவந்த அவருடைய கட்டுரையின் வழிமுறைதான், பாக்கெட் அனுப்பும் விதிமுறையான டிசிபிக்கு இன்றைக்கும் அடித்தளம்: பாக்கெட் தொலைந்தால் வேகத்தைப் பாதியாக்கு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. பழைய லேவாதேவிக்காரர் மாதிரி. ஒரு தவணை தவறினால் அடுத்த கடன் பாதிதான், நம்பிக்கை திரும்புகிற வரைக்கும் ரூபாய் ரூபாயாகத்தான் கூட்டுவார். (இப்போதைய சில வகைகள் பாதி வரை போகாது, கொஞ்சம் தயவு காட்டும்.) நெரிசல்தான் காரணமென்றால் இது அருமையான ஏற்பாடு. ஆனால் கம்பி கெட்டுத் தொலைகிறதா, கூட்டத்தில் தொலைகிறதா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. காலி ரோட்டில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகும்.

எவ்வளவு மிதிக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1997-ல் மாத்திஸ் முதலானவர்கள் ஒரு சூத்திரம் போட்டார்கள். அதில் எங்கள் எண்களை வைத்துப் பார்த்தேன். நூற்றுக்கு ஒரு பாக்கெட் தொலைந்தால், போய் வர 1 மில்லிவிநாடி ஆகிற இடத்தில் வேகம் 142 மெகாபிட் அளவில் முட்டிக்கொள்ளும். அதே இழப்போடு வெளியூர் சர்வருக்கு ஏற்றினால், போய் வர 20 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டால், 7 மெகாபிட். ஆயிரத்துக்கு ஏழு! நூற்றில் ஒன்றுதானே போகிறது, 99 வருகிறதே, 990 கிடைக்க வேண்டாமா என்று அண்ணன் கேட்டார். எல்லாருக்கும் தோன்றுகிற கணக்குதான். "ஒரு பர்சென்ட் லாஸ் எல்லாம் சகஜம் சார்" என்று சொல்லிவிட்டுப் போன புண்ணியவான் நினைத்ததும் அதேதான்.

இதில் என் மனசைக் குடைவது இன்னொன்று. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில் 2002-லேயே 3,200 கிலோமீட்டருக்குக் கேபிள் போட்டாகிவிட்டது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அந்தக் கடலைத் தாண்டிப் போய் வர 32 மில்லிவிநாடி போதும். கப்பலேறிப் போன தலைமுறை பார்த்தால் நம்பாது. சிங்கப்பூரில் இருக்கிற பேத்தி ஆச்சியிடம் தினமும் செல்போனில் முகம் பார்த்துப் பேசுகிறாள், ஒரு தடங்கல் இல்லை. ஆச்சி பேசிக்கொண்டிருக்கிற வளவின் தலைக்கு மேலே போகிற கேபிளில் என்னுடைய திருப்பூட்டு நகரமாட்டேன் என்கிறது.

நடுவில் வந்த கிளைக்கதைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் ஸ்டூடியோ முழுவதும் செத்துவிட்டது, எல்லா விளக்கும் ஒரே வெறியில் மின்னியது. கூட்டிப் பெருக்குகிற அக்கா, கீழே அநாதையாகக் கிடந்த ஒரு கேபிள் முனையைப் பார்த்து, கழன்று விழுந்திருக்கிறது என்று நல்லெண்ணத்தோடு காலியாக இருந்த துளையில் செருகிவிட்டார். அதன் மறுமுனையும் அதே ஸ்விட்ச்சில்தான் இருந்தது. வட்டம் போட்டுவிட்டால் ஒரே பாக்கெட் சுற்றிச் சுற்றிப் பெருகிக்கொண்டே போகும். இந்த வட்டத்தைக் கண்டுபிடித்து அறுப்பதற்கு ராடியா பெர்ல்மன் 1985-லேயே வழி செய்து கொடுத்துவிட்டார். நாங்கள் வாங்கிய ஸ்விட்ச்சில் அது இல்லை, ஏனென்றால் அது இருக்கிற ஸ்விட்ச் விலை அதிகம். அக்காவை யாரும் திட்டக்கூடாது என்று நான் மல்லுக்கு நின்றேன்.

இன்னொன்று அண்ணனின் யூடியூப் வைத்தியம். பாக்கெட் அளவை 9000 ஆக்கினால் வீடியோ பறக்கும் என்று எவரோ சொல்ல, சர்வரிலும் அவர் சிஸ்டத்திலும் மாற்றி வைத்துவிட்டார். நடுவில் இருந்த பழைய ஸ்விட்ச்சுக்கு அவ்வளவு பெரிய பாக்கெட்டை விழுங்கத் தெரியாது. ஃபோல்டர் திறக்கிறது, பெயர்கள் எல்லாம் தெரிகின்றன, கோப்பைத் தொட்டால் மட்டும் நின்றுவிடுகிறது. இதற்கும் பிங் போனது.

கடைசியில், எண்ணிக்கை காட்டுகிற ரக ஸ்விட்ச் ஒன்றைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கி வந்தேன். ஒவ்வொரு துளையிலும் எத்தனை பாக்கெட் வந்தது, எத்தனை பழுதாகி வந்தது என்று அது எழுதி வைத்துக்கொள்ளும். நெல் அறையிலிருந்து வருகிற கேபிளைச் செருகினேன். ஒரு பெரிய கோப்பை நகல் எடுக்கவிட்டுப் பக்கத்தைப் புதுப்பித்தேன். மற்ற எல்லாத் துளைக்கும் பழுது என்ற கட்டத்தில் சைபர். இந்த ஒன்றில் மட்டும் எண் ஏறிக்கொண்டே போனது, பார்க்கப் பார்க்க. ஒரு பக்கம் வயிறு எரிந்தாலும் இன்னொரு பக்கம் அப்படி ஒரு நிம்மதி. எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் கை காட்டியது போய், இதோ எண்ணே கை காட்டுகிறது.

ஏணி போட்டுப் பரணில் ஏறினேன். பழைய பித்தளைச் சாமான், பிரம்புக் கூடை, ஒரு தகர டிரங்கு. அவற்றுக்குப் பின்னால் கேபிள் பாதியில் முடிந்து இன்னொரு கேபிள் ஆரம்பித்தது. நீளம் பற்றவில்லை போலிருக்கிறது. எட்டு இழையையும் தோல் உரித்து, கரண்டு வயரை முறுக்குவது போல ஒவ்வொன்றாக முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். வெக்கையில் டேப்பின் பசை உருகி விரலில் இழுத்தது. பிரித்தால் இழைகள் ஒரு சாண் நீளத்துக்குத் தனித்தனியாகக் கிடந்தன. ஜோடிகளை முறுக்கி வைத்திருப்பதே ஒன்றின் சத்தம் மற்றொன்றில் ஏறாமல் இருப்பதற்காக. முனை போடும் இடத்தில்கூட அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக்கூடாது என்பது விதி. இங்கே ஒரு சாண், அதுவும் கரண்டு வயருக்கு அணைவாக! முறுக்கின இடங்களில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது.

வெள்ளைப் பொடியைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. பிளேடை எடுத்து ஒரு இழையைச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். அலுமினியம். மேலே மட்டும் செப்பு முலாம். உறையில் என்னவோ கேட் 6 என்று வரிக்கு வரி அச்சடித்திருக்கிறது. அந்த வகைக்குச் செப்பு மட்டும்தான் அனுமதி, முலாம் பூசிய அலுமினியம் எந்தத் தரத்திலும் சேர்த்தி இல்லை. மின்தடை செம்பைவிடப் பாதிக்கு மேல் அதிகம், ரெண்டு தடவை வளைத்தால் ஒடியும், செம்போடு ஈரத்தில் சேர்ந்தால் அரிக்கும். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே எடை காட்டிக்கொடுத்துவிடும். பாதி விலைக்குக் கிடைத்தது என்று அன்றைக்குப் பெருமைப்பட்டிருப்பார்கள்.

அதுவும் எந்த ஊரில்? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்து, 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டி, 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில். உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பதே அங்கே பெரிய ஆராய்ச்சி. கடல் காற்றில் இரும்பு என்ன ஆகிறது என்று பார்க்க மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில், தாழ்வாரத்துச் சாரலில், செம்பையும் அலுமினியத்தையும் முறுக்கி டேப் ஒட்டி, பரணில் தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்விட்ச்சை மாற்று, சர்வரை மாற்று என்று சொல்லியிருக்கிறார்கள்.

எல்லாப் பழியையும் கேபிள் மேல் போட்டால் அது அநியாயம், கணக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இப்போதைய கேமராக்கள் 4கே வீடியோவை விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிகின்றன. முகூர்த்தத்துக்கு மூன்று கேமரா. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு வெட்டும்போது ஒருவருக்கே 300. மூன்று பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் 900. சர்வரில் நாங்கள் பயன்படுத்துவது ஒரே ஒரு ஜிகாபிட் வாசல். கேபிள் தங்கமாகவே இருந்தாலும் வாசலில் நெரியும், சின்ன ஸ்விட்ச்சில் நிறுத்தி வைக்க இடம் இல்லாமல் அதுவும் கொஞ்சம் பாக்கெட்டை வீசும். இதற்கு சர்வரில் இரண்டாவது துளையையும் பயன்படுத்தி ஆட்களைப் பிரித்துவிடலாம். அல்லது எடை குறைந்த நகல் கோப்பை வைத்து வெட்டிவிட்டுக் கடைசியில் அசலுக்கு மாறலாம். அதையெல்லாம் பேசலாம் என்றால் முதலில் கம்பி 940 காட்ட வேண்டுமே!

புதுக் கேபிளுக்கு அண்ணனிடம் போனேன். சுத்தச் செம்பு, 305 மீட்டர் பெட்டி, கரண்டு வயரை விட்டுத் தள்ளித் தனிக் குழாய். விலையைக் கேட்டதும் முகம் சுருங்கியது. புது சர்வர் என்றால் கடன் வாங்கியாவது வாங்குவார், வருகிறவர்களுக்குக் காட்டலாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போகிற கம்பிக்கு யார் பணம் போடுவார்? "பாதிக்கு மாத்து தம்பி, மிச்சத்தைத் தை முகூர்த்தம் முடியட்டும், பாப்போம்." பாதிக்கு மாற்றுவது என்றால் மறுபடி நடுவில் ஒரு முறுக்கா என்று கேட்டேன். பதில் இல்லை.

ஆச்சிதான் வழிவிட்டார். "உத்தரத்துல கட்டிக்கங்க, ஆணி வேணாம், கயித்தால கட்டுங்க. மழை படாத பக்கமா நானே காட்டுறேன்" என்று முன்னால் நடந்து, எந்தத் தூண் மறைவில் சாரல் வராது என்று ஒவ்வொரு இடமாகக் காட்டினார். இந்த விவகாரத்தில் கம்பி போகிற பாதையை நடந்து பார்த்த ஒரே ஆள் அவர்தான். முகப்பிலிருந்து எடிட்டிங் அறை வரை புதுச் செம்பு, எல்லா முனையும் அரை அங்குலத்துக்குள். அங்கே ஒரு ஸ்விட்ச். அங்கிருந்து நெல் அறைக்குப் பழையது. ஐபெர்ஃபில் முன் பாதி 941. பின் பாதி அதன் மனசுப்படி. எடிட் செய்கிற நாங்கள் பின் பாதியை நம்பித்தான் இருக்கிறோம் என்பதை நான் அண்ணனிடம் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. முகப்பில் ஆல்பம் காட்டுகிற சிஸ்டம் மட்டும் பறக்கிறது. அதில் நாள் முழுக்க ஒரே ஸ்லைடு ஷோ.

போன வாரம் ஒருவர் டை கட்டி வந்தார். வழவழவென்று காகிதம். பத்து ஜிகாபிட் ஸ்விட்ச், சர்வருக்குப் பத்து ஜிகாபிட் கார்டு, இப்போது எடுத்தால் சலுகை. அண்ணனுக்குக் கண் விரிந்துவிட்டது. நான் கேட்டது ஒன்றே ஒன்று, எந்தக் கேபிளில் ஓடும்? பத்து ஜிகாபிட்டுக்கு நல்ல கேட் 6 என்றாலே 55 மீட்டருக்கு மேல் உத்தரவாதம் இல்லை, எங்களுடையது பாதி அலுமினியம். அவர் நெல் அறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இருக்கிற கேபிளே தாராளமாப் போதும் சார். இப்ப பிங் போகுதுல்ல?"

அண்ணன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.